மிலாருக்கு அடியில் பூ

ஊட்டி தாவரவியல் பூங்கா என்றதும் நண்பர்களுக்கு மே மாத மலர்க் கண்காட்சிதான் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது மார்கழி, தை மாதத்துப் பூங்காவைப் பற்றி. என் அம்மா அங்கே செடி வேலை பார்க்கிறவர்.

"பூவே இல்லையே, எதுக்கு வந்தோம்?" என்று அந்த மாதங்களில் வருகிறவர்கள் சலித்துக்கொள்வார்கள். ஆனால் பூ குறையும்போதுதான் மரங்கள் கண்ணில் படும். குரங்கும் ஏற முடியாது என்று பெயர் வாங்கிய முள்ளிலை மரம், தாள் தாளாகப் பட்டை உரியும் காகிதப் பட்டை மரம், பச்சை மாறாத சைப்ரஸ்... 1848-ல் மெக்ஐவர் காலத்தில் தொடங்கிய தோட்டமல்லவா! 2 கோடி வருடத்துக் கல்மரம் ஒன்றும் கிடக்கிறது. எந்தப் பனிக்கும் அசராதது அது ஒன்றுதான்.

இளஞ்செடிகள் அப்படியில்லை. உறைபனி விழுந்தால் ஒரே ராத்திரியில் கருகிவிடும். அதனால் கோத்தகிரி மிலார் என்கிற செடியின் கொம்புகளை வெட்டிவந்து அவற்றின் மேல் மூடிவைப்பார்கள். விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள் புல்தரைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள்.

சாயங்காலம் அம்மா வானத்தைப் பார்ப்பார். "மேகமே இல்ல, காத்தும் இல்ல. இன்னிக்குப் பனி கொட்டும்" என்பார். பெரும்பாலும் தப்பாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். இரண்டாமாண்டில் வெப்பக் கதிர்வீச்சுப் பாடம் நடந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேகமில்லாத இரவில் தரையின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடுகிறது. மேலே ஒரு மூடாக்கு இருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. மிலார் செய்வது இதைத்தானே!

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"நாங்க செய்யிறதெல்லாமா புஸ்தகத்துல இருக்கு?"

"ஆமாம்மா."

"அப்ப எங்களைக் கேட்டுத்தான் எழுதியிருப்பாங்க" என்று சிரித்தார். பிறகு, "நல்லாப் படி. பனியில குனியிற வேலை என்னோட போகட்டும்" என்றார். விரல்களில் குளிர் வெடிப்பு. அதைப் பார்த்தபின் எனக்குப் பேச்சு வரவில்லை.

நண்பர்களே, மே மாதம் பூப் பார்க்க வாருங்கள். முடிந்தால் தை மாதமும் ஒருமுறை வந்து, மிலாரை விலக்காமல் குனிந்து பாருங்கள். மே மாதத்துப் பூ அங்கேதான் வளர்ந்துகொண்டிருக்கும்.