அட்டனிலிருந்து திருச்சிக்கு

கொழும்பிலிருந்து திருச்சிக்கு ஆகாய வழி ஏறக்குறைய 420 கிலோமீட்டர்; விமானம் ஒரு மணி நேரத்தில் கொண்டுசேர்த்துவிடுகிறது. அட்டனிலிருந்து புறப்படுபவரின் கணக்கோ வேறு. கொழும்புக்குப் புகையிரதப் பாதை 173 கிலோமீட்டர்தான். ஆயினும் தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றி இறங்க ஐந்து மணி நேரம் செல்லும். கடலைத் தாண்டுவதைவிட மலையிறங்குவதே நெடிய பயணம்!

அப்பாதை அட்டனை எட்டியது 1884-இல். அதற்கு முன்னர்க் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியால் வழியிலேயே மாண்டவர் பலர். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்பின், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் அட்டன் நிலையத்தில் உறவினரைக் கட்டியழுது வண்டி ஏறினர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். அந்த வண்டியைத் தோட்டத்து மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். 1984-இல் அக்கப்பலும் நின்றது.

அண்மையில் திருச்சி விமானத்தில் என் பக்கத்தில் ஓர் அட்டன் மூதாட்டி அமர்ந்திருந்தார். அந்தக் கோச்சியில் போன தங்கையைப் பார்க்கக் கோத்தகிரி செல்கிறாராம். சக்கரம் தரையைத் தொட்டதும் என் கையைப் பற்றினார்.

"இவ்வளவுதானா ஐயா தூரம்?"