கிட்டாரில் ஒரு சிப்பி

பேரன் எலெக்ட்ரிக் கிட்டார் கிட் ஒன்று வாங்கி, பலகையைத் தேய்த்து பிரைமர் அடித்து வைத்திருந்தான். பெயிண்டைப் பூசாமல் ஊற்றப்போகிறானாம்! "என்ன கலர் ஊத்தட்டும் தாத்தா?" என்றான். அலமாரியிலிருந்த முத்துச்சிப்பியை நீட்டினேன். 1961-இல் இங்கே நடந்த கடைசி முத்துக்குளிப்பில் அப்பா எடுத்தது. அவர் நினைவாக மிஞ்சியது அது ஒன்றுதான்.

பெயிண்ட் இறங்கினால் நெக் சரியாக உட்காராது என்று குழியில் டேப் ஒட்டினான். கடற்காற்றுத் தூசிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினேன். அக்ரிலிக்கில் வெள்ளை கனம். அது கீழே இறங்க, மற்ற நிறங்கள் மேலேறிக் கண்கண்ணாகத் திறக்கின்றன. மெக்சிகோ ஓவியர் சிக்கேரோஸ் 1930-களிலேயே இப்படி ஊற்றிப் பார்த்திருக்கிறார்.

சாய்க்கச் சாய்க்க, சாம்பலும் இளஞ்சிவப்பும் விளிம்பில் வழிந்தன. நன்றாகக் காய்ந்த பிறகுதான் வார்னிஷ். சிப்பியை அவன் இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.