வேலிக்கு அப்பால் கேட்ட சிரிப்பு

சகோதரிகளே, உங்கள் உம்மம்மா சொன்ன பகிடிக் கதைகளில் எத்தனை உங்களுக்கு நினைவிருக்கின்றன? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது வெட்கமாகப் போய்விட்டது.

அக்குறணையில் எங்கள் முற்றத்தில் உம்மம்மா மா இடித்து அரிக்கும்போது, பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சியும் வேலியருகே வந்துவிடுவார். இருவரும் மாறி மாறிச் சொல்வது அந்தரேயின் கதைகள். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்தில் கண்டி அரண்மனையில் இருந்த விகடகவி அந்தரே என்பார்கள். தமிழில் தெனாலிராமன் எப்படியோ, சிங்களத்தில் அந்தரே அப்படி.

போன மாதம் என் சின்ன மகள் கதை கேட்டாள். அந்தரேயின் மனைவி அரசியைப் பார்க்க ஆசைப்பட்ட கதையைத் தொடங்கினேன். "அரசிக்குக் காது கேட்காது, உரக்கப் பேசு" என்று மனைவியிடம் சொன்னான் அந்தரே. "என் மனைவி செவிடு, சத்தமாகப் பேசுங்கள்" என்று அரசியிடமும் சொல்லி வைத்தான். சந்தித்ததும் இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். அதோடு நின்றுவிட்டேன். முடிவு மறந்துவிட்டது! உம்மம்மா மௌத்தாகி 20 வருடம். யாரிடம் கேட்பது?

ஆச்சியும் இன்றில்லை. அவருடைய மகள் இருக்கிறார். ஆனால் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் நம்மவர் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட பிறகு, எங்களுக்குள் பேச்சுக் குறைந்துவிட்டது. சண்டை ஒன்றுமில்லை. என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மகள் விடவில்லை. வேலியருகே போய், "அக்கே, அந்தக் கதை எப்படி முடியும்?" என்று சிங்களத்தில் கேட்டேன். ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு சொன்னார்:

"சத்தம் கேட்டு அரசர் ஓடி வந்தார். 'ஏன் கத்துகிறாய்?' என்றார். 'இவளுக்குக் காது கேட்காதே!' என்றார் அரசி. 'ஐயோ, உங்களுக்குத்தான் கேட்காதென்று சொன்னார்கள்!' என்றாள் அந்தரேயின் மனைவி."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. எங்களிடமும் யாரோ அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள் போலும்.

மகள் அந்த முடிவைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அயர்லாந்து நாட்டைப் பற்றி வாசித்தது அப்போது நினைவுக்கு வந்தது. அங்கே 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 50,000 பள்ளிப் பிள்ளைகள், வீட்டிலும் ஊரிலும் உள்ள முதியவர்களிடம் கேட்டு, கதைகளையும் பகிடிகளையும் கொப்பிகளில் எழுதினார்கள். இன்றும் அவை டப்ளினில் பத்திரமாக இருக்கின்றன.

நமக்கும் ஒரு கொப்பி போதும், சகோதரிகளே. இன்றைக்கே பிள்ளையை மூத்தவர்களிடம் அனுப்புங்கள். கதையின் மறுபாதி வேலிக்கு அப்பால் இருந்தால், அங்கேயும் அனுப்பத் தயங்காதீர்கள்.