இடையில் அடைப்பது

துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மருந்தைப் பற்றிப் பேசுகிறார்கள், ரவையைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அடைக்கப்படுகிற பொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அது எரிகிற பொருளும் இல்லை, தைக்கிற பொருளும் இல்லை. தக்கை என்கிறார்கள், அடைப்பு என்றும் சொல்லலாம். இதற்கு நிகரான ஒன்றுக்குச் செய்யுளில் நம் இலக்கணக்காரர்கள் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் வங்கிக் கிளையில் காவலராக இருந்து ஓய்வுபெற்றவர் கீரனூரை அடுத்த ஒரு கிராமத்துக்காரர், பழைய ராணுவத்தார். கூட்டம் குறைந்த மதியங்களில் அவர் சொல்லக் கேட்டவைதான் இதில் பாதி. அவருடைய அப்பாவிடம் ஒரு இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் இருந்தது. (பன்னிரண்டு என்பது, குழலின் வாயளவுக்கு ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு குண்டு வார்க்கலாம் என்கிற கணக்கு. அகலத்தை எடையால் சொன்னவன் கொஞ்சம் கவிஞனாக இருந்திருக்க வேண்டும்.) 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்தைய காலம். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை எறிந்துவிடாமல் வீட்டிலேயே மறுபடி நிரப்புவார்கள். தோட்டா செய்வதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது 1959இன் ஆயுதச் சட்டம். கிராமத்துத் திண்ணைவரை அது நடந்து வரவில்லை போலிருக்கிறது.

காகிதக் கூட்டைவிடப் பித்தளைக் கூட்டின் சுவர் மெல்லியது. ஆகவே உள்வாய் அகலம். பன்னிரண்டுக்கென்று விற்கிற தக்கை அதில் தொளதொளக்கும். ஒரு அளவு பெரியதாக வேண்டும். வீட்டில் கிடைத்ததையெல்லாம் அவர் அப்பா போட்டுப் பார்த்திருக்கிறார். தவிடு மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும், போதாததற்கு வண்டு வைக்கும். இலவம் பஞ்சு அமுக்கினால் ஒன்றுமில்லாமல் போகும், பொறி பட்டால் குப்பென்று பற்றும். நைந்த வேட்டித்துணி கனன்றபடியே வைக்கோற்போரில் போய் விழும். மரத்தூள் நாளாக நாளாக இறங்கி மேலே இடைவெளி விடும். கடைசியில் அவர் கண்டடைந்தது குறும்பர் நெய்த கறுப்புக் கம்பளி. அடியில் ஒரு கனத்த அட்டை, அதன்மேல் வட்டமாக வெட்டிய கம்பளித் துண்டுகள். கம்பளி அமுங்கும், விட்டால் நிமிரும். நெருப்புப் பட்டால் கருகுமே தவிர எளிதில் எரியாது.

"மணல் போட்டா என்னண்ணே, அதுவும் எடத்த அடைக்குமே" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொழலு கிழிஞ்சுரும் தம்பி. அதுவும் செமதானே" என்றார்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மருந்து எரிந்து வாயுவாகும்போது அந்த வாயு நேராக ரவையைத் தள்ளுவதில்லை. தக்கையைத் தள்ளுகிறது, தக்கை ரவையைத் தள்ளுகிறது. தக்கை ஓரம் விட்டால் கொதிக்கும் வாயு ரவைகளுக்குள் புகுந்து ஈயத்தை உருக்கி ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். தக்கை விறைத்திருந்தால் முதல் உதையிலேயே ரவை நசுங்கும், நசுங்கிய ரவை நேராகப் போகாது. அடைப்பு கனத்தால் அதன் எடையும் ரவையின் எடையோடு சேர்ந்து அழுத்தம் ஏறும். ஆக, இடத்தை நிரப்ப வேண்டும், எடை கூடாது. இறுக்க வேண்டும், இடிக்கக் கூடாது. இத்தனை நிபந்தனைகளோடு வேலை செய்கிற ஒன்றை வெறும் நிரப்பு என்று எப்படிச் சொல்வது?

நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கியில் தோட்டாவே கிடையாது. வாய்வழியாக மருந்து, அதன்மேல் தேங்காய்நார், பிறகு ரவை, மறுபடி நார், எல்லாவற்றையும் இடித்து இறுக்க ஒரு கம்பி. நாரின் வசந்தம் அவர்களுக்கு வாய்த்த கம்பளி. ஆனால் நார் நெருப்பை அடைகாக்கும். பெட்டிக்கடையில் பீடிக்காரர்களுக்காகத் தொங்கவிட்ட கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கண்மாய்க்கரையில் கொக்குக்கும் காடைக்கும் காத்திருப்பவனுக்கு ஈரத்தில் விழுகிற நாரால் கேடில்லை. கூரைவீட்டுப் பக்கம் கதை வேறு. 1613 ஜூன் 29இல் லண்டனில் குளோப் நாடக அரங்கு எரிந்ததற்குக் காரணம் குண்டல்ல. எட்டாம் ஹென்றி நாடகத்தில் சத்தத்துக்காக வெடித்த பீரங்கியின் அடைப்பு கனன்றபடி போய்க் கூரையில் விழுந்தது. ஷேக்ஸ்பியரைக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தேன். அவர் அரங்கை ஒரு தக்கை எரித்தது என்று எவரும் சொல்லவில்லை.

காகிதமும் நல்ல அடைப்புதான். ஓவியர்கள் இன்றும் கேட்டு வாங்குகிற கார்ட்ரிட்ஜ் தாள் தோட்டா சுற்றப் பிறந்தது. 1780இல் அமெரிக்கச் சுதந்திரப் போரில் அடைப்புக்குத் தாள் தீர்ந்தபோது ஒரு பாதிரியார் தேவாலயத்திலிருந்து ஐசக் வாட்ஸின் பாடல் புத்தகங்களை அள்ளி வந்து கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. மேசையடியில் நான் வைத்திருந்த விற்காத பத்திரிகைக் கட்டைக் காவலர் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து, "நல்ல தாளு தம்பி, அப்பா இருந்தா விட்டிருக்க மாட்டாரு" என்றார். நம் பத்திரிகைக்கு இதுவரை வந்த மதிப்புரைகளில் இதுவே நேர்மையானது.

தொல்காப்பியம் இடைச்சொற்களின் வகைகளில் அசைநிலையையும் இசைநிறையையும் வைக்கிறது. பொருள் தராமல் ஓசையை நிறைக்க வருகிற சொல். புதுக்கவிதை இவற்றைத்தான் முதலில் வெளியே தள்ளியது. பண்டிதர்கள் வெண்பாவின் ஈற்றடிக்குத் தவிடு கொட்டிக்கொண்டிருந்த காலத்தில் அது செய்யவேண்டிய காரியமும்கூட. ஆனால் இன்று இத்தகைய இதழ்களுக்கு வருகிற கவிதைகளில் இடம் காலியாக இல்லை. மௌனம், வெறுமை, பிரபஞ்சம், இருள், மரணம். வரி தொய்கிற இடத்திலெல்லாம் இவற்றில் ஒன்றைப் போட்டு இடித்திருக்கிறார்கள். பழைய 'மன்'னும் 'அம்ம'வும் நார் மாதிரி. லேசானவை, வரியைத் தள்ளிவிட்டு உதிர்ந்துவிடும். இவை மணல். கவிதை சொல்ல வந்தது மூன்று ரவை அளவுதான், அதன் கீழே ஒரு படி மணல். சுட்டால் சுட்டவன் கையோடு போகும். நண்பர்கள் சிலருக்கு இது கசக்கும் என்பது தெரியும். எழுத்தில் நிரப்பே கூடாது என்கிற தூய்மைவாதமும் எனக்கு ஏற்பில்லை. அடைப்பில்லாத மருந்து புஸ்ஸென்று போய்விடும். எதை அடைக்கிறான் என்பதில்தான் நான் ஒரு கவிஞனின் கையைப் பார்க்கிறேன்.

1960களிலிருந்து உலகமெங்கும் பிளாஸ்டிக் தக்கை வந்துவிட்டது. ரவையை ஒரு கிண்ணத்தில் ஏந்திப் போகும், ஓரமே விடாது. விழுந்த இடத்தில் அது அப்படியே கிடக்கும், ஆடுமாடு மேயும். பிரிட்டனில் பல நிலங்களில் நார்த் தக்கைதான் வேண்டும் என்கிறார்கள் இப்போது.

ஓய்வு பெற்ற அன்று காவலர் தம் பொறுப்பிலிருந்த தோட்டாக்களை எண்ணி ஒப்படைத்தார். எல்லாம் ஆலைச் சரக்கு. ஆனாலும் ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துத்தான் மேசைமேல் வைத்தார். எதற்கு என்றேன். "உள்ள ஆடுதான்னு" என்றார்.