துண்டுக்குள் ஒரு பாஷை

மாமாவோடு பொள்ளாச்சி சந்தைக்கு மாடு விற்கப் போனேன். "பி.காம். படிச்சவன், கணக்குக்கு ஆவான்" என்று அத்தையின் சிபாரிசு.

மாமாவுக்கு முழங்கால் வலி. இனி மாடு வைத்துப் பார்க்க முடியாது. மகளுக்கு காலேஜ் ஃபீஸ் 45 ஆயிரம் கட்ட வேண்டும். "அது வந்தாப் பரவால்ல. எப்படிப் போனாலும் முப்பத்தெட்டுக்குக் கீழ குடுக்கறதில்ல" என்று டீக்கடையில் என் காதில் மட்டும் சொன்னார்.

செவ்வாயும் வியாழனும் இங்கே மாட்டுச் சந்தை. கேரள வியாபாரிகள் வந்து நிற்கிறார்கள். சாணி வாசனை, கழுத்து மணிச் சத்தம் எல்லாம் உண்டு. பேரச் சத்தம்தான் இல்லை. ரங்கநாதன் தெருவில் இருநூறு ரூபாய் சட்டைக்கு நாம் போடுகிற சத்தம் என்ன! இங்கே ஆயிரம் ஆயிரமாகக் கைமாறுகிறது, மூச்!

காரணம், தோளில் கிடக்கும் துண்டு. தரகர் அதைக் கைமேல் போட்டுக்கொண்டு, உள்ளே எதிராளியின் விரலைப் பிடிக்கிறார். பிடித்த விரல்தான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. நாலு விரல் என்றால் நாலாயிரமா, நாற்பதாயிரமா? அதை எதிரே நிற்கும் மாடு சொல்லும்.

மொழியியலின் அரிச்சுவடியே இதுதான் சார். சொல்லுக்கும் பொருளுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது, எல்லாம் ஊர் ஒப்பந்தம் என்றார் ஸ்விட்சர்லாந்து அறிஞர் சசூர். அவர் காலமான பிறகு, வகுப்பில் பேசியதை 1916-ல் புத்தகமாகப் போட்டார்கள். நாம் 'மாடு' என்கிறோம், இங்கிலீஷ்காரன் 'கவ்' என்கிறான். மாட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் துண்டுக்கும் எல்லை உண்டு. "நேத்துக் காலைல எட்டு லிட்டர் கறந்துச்சுங்" என்பதை மாமா வாயால்தான் சொன்னார். கண்ணெதிரே இல்லாத நேற்றைப் பற்றியும் பேச முடிவது மொழியின் முக்கிய குணம் என்று அமெரிக்க அறிஞர் ஹாக்கெட் 1960-ல் எழுதினார். காது கேளாதோரின் சைகை மொழியில் நேற்றும் பேசலாம், நாளையும் பேசலாம். அதற்கு இலக்கணமே இருக்கிறது. துண்டு பாஷை அந்த ரகம் இல்லை.

உங்கள் ஆபீஸ் ட்ரெய்னிங்கில் சொல்லியிருப்பார்கள்: 'வார்த்தை 7 சதவீதம்தான், மீதி 93 சதவீதம் குரலும் முகமும்!' இது மெஹ்ராபியன் என்பவரின் 1967 ஆய்வுகளில் வந்த கணக்கு. அவர் பார்த்தது விருப்பு வெறுப்பை மட்டும்தான். 'எட்டு லிட்டர்' என்பதை முகத்தாலேயே சொல்லிப் பாருங்கள், தெரியும்!

விருப்பு வெறுப்பு என்றால் மட்டும் மூஞ்சி முந்திக்கொள்ளும். அன்றைக்கு அதை நான் மறந்துவிட்டேன்.

"நீயே கையக் குடு மாப்ளே, கத்துக்கோ" என்றார் மாமா. நீட்டினேன். துண்டுக்குள் நாலு விரலைப் பிடித்தார் தரகர். நாற்பது! முப்பத்தெட்டுக்கு மேலே ரெண்டு! என் புருவம் நெற்றிக்குப் போய்விட்டது. பல்லும் தெரிந்திருக்க வேண்டும்.

தரகர் என் கையைப் பார்க்கவில்லை, மூஞ்சியைத்தான் பார்த்தார். அவ்வளவுதான். அரை மணி நேரம் மாமா விரல் போராட்டம் நடத்தியும் நாற்பதை விட்டு அசையவில்லை.

பஸ்ஸில் மாமா ஒன்றுதான் சொன்னார்: "பாஷை தெரிஞ்சாப் பத்தாது மாப்ளே. மூஞ்சியச் சும்மா வெச்சிருக்கோணும்."

குறைந்த ஐயாயிரத்தை நான் தருவதாக ஒப்புக்கொண்டேன். வீட்டில் அத்தை விலையைக் கேட்டார். மாமா நாலு விரலைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். அத்தையும் என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்குத் துண்டே தேவைப்படவில்லை.