மெல்லச் செல்லும் வண்டிகள்

வாகனம் என்றதும் வேகத்தையே நினைக்கப் பழகிவிட்டோம். எந்த வண்டி எத்தனை நொடியில் எத்தனை கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கின்றனர். ஆனால் மெல்லச் செல்வதற்கென்றே வண்டி வாங்கி, அதற்காகத் தம் உழைப்பையும் ஊதியத்தையும் செலவிடும் மக்களும் இவ்வுலகில் உள்ளனர். அவர்களைக் குறித்து நாம் படித்தறிந்தவற்றையும், அதனால் எம் இல்லத்தில் எழுந்த பேச்சையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அமெரிக்க நாட்டின் தென்மேற்கு மாநிலங்களில் வாழும் மெக்சிகோ வழிவந்த மக்களே அவர்கள். பெரும்பாலோர் கத்தோலிக்க மரபினர். உழைத்து உண்ணும் குடும்பத்தினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த இவர்களுடைய இளைஞர்கள் பழைய கார்களை மலிவாக வாங்கினர். பிற இளைஞர் பலர் தம் கார்களைப் பந்தய வேகத்திற்கு ஏற்ப மாற்றியமைத்துக்கொண்டிருந்த காலம் அது. இவர்களோ எதிர்த்திசையில் சென்றனர். வண்டியின் பின்பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றியும், சுருள்வில்களை வெட்டிக் குறுக்கியும், வண்டியின் உடல் ஏறத்தாழத் தரையைத் தொடுமளவு தாழச் செய்தனர். பின்னர் விட்டியர் பெருஞ்சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக, ஊர்வலம் போல் ஊர்ந்து சென்றனர். இவ்வகை வண்டிகளுக்கு லோரைடர் என்று பெயர். தாழ்வாக, மெதுவாகச் செல்ல வேண்டும் என்பதே அவர்கள் கொள்கை.

அரசினர்க்கு இது பிடிக்கவில்லை. வண்டியின் எப்பகுதியும் சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே மாற்றியமைக்கப்படலாகாது என்னும் கலிபோர்னியா மாநிலச் சட்டம் 1958 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே ரான் அகீரே என்னும் இளைஞர் அதற்கொரு வழி கண்டார். விமானங்களிலிருந்து கழிக்கப்பட்ட எண்ணெய் அழுத்தப் பம்புகளை வாங்கித் தம் 1957ஆம் ஆண்டுக் கார்வெட் வண்டியில் பொருத்தினார். மின்கலத்தால் இயங்கும் பம்பு, சக்கரங்களின் அருகேயுள்ள உருளைகளுக்குள் எண்ணெயைச் செலுத்த, வண்டி உயரும். எண்ணெயைத் திரும்ப விட்டால் தாழும். காவலரைக் கண்டால் சட்டம் கூறும் உயரத்திற்கு எழுந்து நிற்கும். அவர் அகன்றதும் மீண்டும் பணியும். பிற்காலத்தில் இவ்வமைப்பே வண்டிகளைத் துள்ளவும் ஆடவும் வைத்தது.

இவ்வண்டிகளுக்கென நடைபெறும் கண்காட்சிகளில் நடுவர்கள் வண்ணத்தையும் மெத்தை வேலையையும் எஞ்சினையும் நுணுகிப் பார்க்கின்றனர். அடிப்பாகத்தின் வேலைப்பாடும் தெரியும்படி வண்டியின் கீழே நிலைக்கண்ணாடிகளைப் பரப்பி வைப்பாரும் உண்டு. வெள்ளி அல்லது பொன்னிறம் பூசி, அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணத்தைப் படலம் படலமாக ஏற்றுவதால், மிட்டாயைப் போன்ற ஆழ்ந்த பளபளப்பு உண்டாகிறது. ஜெஸ்ஸி வலதேஸ் என்பவர் 1964ஆம் ஆண்டுச் செவ்ரொலே இம்பாலா ஒன்றின் உடலெங்கும் ரோசா மலர்களை வரையச் செய்தார். 'ஜிப்சி ரோஸ்' எனப் புகழ்பெற்ற அவ்வண்டி, அவர் 2011இல் மறைந்த பின்னர், 2017இல் தலைநகர் வாஷிங்டனில் கண்ணாடிக் கூடத்தினுள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

எம் மகன் இருசக்கர வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான். இவ்வண்டிகளின் படங்களை எமக்குக் காட்டியவன் அவனே. அவற்றுள் ஒன்றில் எஞ்சின் மூடியின் மேல் குவாதலூப்பே அன்னையின் திருவுருவம் தீட்டப்பட்டிருந்தது. எம் இல்லாளின் மனம் அதற்கு ஒப்பவில்லை. "சேறும் தூசியும் படுகிற வண்டியிலா மாதா படத்தை எழுதுவது? இது மரியாதைதானா, தம்பி?" என்று மகனைக் கேட்டாள். அவன் விடை கூறுமுன், செபமாலையும் கையுமாக அமர்ந்திருந்த எம் தாயார், "ஏன்மா, நம்ம மாதா சப்பரம் தெருப்புழுதியில் வரவில்லையா?" என்றார்.

அன்னையாரின் சொல் பொருள் பொதிந்தது. 1531இல் தெப்பெயாக் குன்றில் மாதா காட்சி தந்தபோது, தம் உருவத்தை யுவான் தியெகோ என்னும் எளிய பழங்குடி மனிதரின் முரட்டு நார் மேலாடையில் பதித்தார் என்பதே மெக்சிகோ மக்களின் விசுவாசம். அவ்வேழையைத் திருச்சபை 2002இல் புனிதராக உயர்த்தியது. மாளிகைச் சுவரில் அல்லாமல் உழைப்பாளியின் போர்வையில் பதிந்த திருவுருவம், அவர் வழிவந்தோரின் வண்டியில் இடம்பெறுவதில் வியப்பென்ன? வாகனங்களை மந்திரிக்கும் செபம் நம் திருச்சபையிலும் உண்டன்றோ!

எனினும் இல்லாளின் கவலையை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துக்கும் உரிய பணம் வண்ணத்தில் கரைந்தால், அதன்மேல் எத்திருவுருவம் இருந்தும் என்ன பயன்? பெருமைக்காகக் கடன் வாங்குவோர் எல்லா நாட்டிலும் உளர். ஊர்வலங்களில் சில வேளை சண்டை நேர்ந்ததும், போக்குவரத்து தடைப்பட்டதும் மெய்யே. பல நகராட்சிகள் இவ்வூர்வலங்களைத் தடைசெய்தன. நேஷனல் சிட்டி என்னும் நகரில் 1992இல் வந்த தடை 2023இல்தான் நீக்கப்பட்டது. ஆனால் சிலர் செய்த குற்றத்திற்காக, அமைதியாகச் சென்ற குடும்பங்களும் நெடுங்காலம் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டன. ஏழைக் குழந்தைகளுக்குப் பொம்மைகள் சேர்த்தளித்த வண்டிச் சங்கங்களும், பண்ணைத் தொழிலாளருக்கு நிதி திரட்டிய சங்கங்களும் அவர்களிடையே இருந்தன. கலிபோர்னியாவில் ஊர்வலத் தடைகளும் 1958ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாடும் 2024 சனவரி முதல் நாளன்று நீங்கின.

அப்படியாயின் எது வீண், எது தகும் என்று எவ்வாறு பிரித்தறிவது? நியூ மெக்சிகோ மாநிலத்துச் சிமாயோ என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது நமக்கு ஓரளவு விடை தருகிறது. அவ்வூரில் 1816இல் கட்டி முடிக்கப்பட்ட மண்சுவர்க் கோவில் ஒன்றுண்டு. ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று ஆயிரமாயிரம் மக்கள் நடந்தே அங்கு வந்து, சிறு குழியிலிருந்து கைப்பிடி மண்ணைப் பக்தியோடு எடுத்துச் செல்கின்றனர். அவ்வூரினரான டேவிட் ஹராமியோ, 1969ஆம் ஆண்டு ஃபோர்டு கார் ஒன்றை வாங்கி லோரைடராக மாற்றத் தொடங்கினார். வேலை முடியுமுன், 1978இல் விபத்தில் இறந்தார். மனைவியும் மகனும் தனித்து நின்றனர்.

பாதியில் நின்ற வண்டியை விற்றிருக்கலாம். அவர் குடும்பத்தினர் அவ்வாறு செய்யவில்லை. உறவினரும் உள்ளூர்க் கைவினைஞரும் கூடி அதனை முடித்தனர். உள்ளே சிவப்பு வெல்வெட்டுத் துணி தைத்தனர். வண்டியின் உடலில் தந்தை, தாய், மகன் மூவரின் உருவங்களையும் தீட்டினர். 'டேவின் கனவு' என்று அதற்குப் பெயர். 1990இல் அமெரிக்க நாட்டின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் அதனைத் தன் சேகரிப்பில் ஏற்றது.

இதைப் படித்துக் கூறியபோது எம் தாயார் நெடுநேரம் பேசவில்லை. காரணம் எமக்குத் தெரியும். எம் தந்தையார் தச்சர். பங்குத் திருவிழாவிற்கென மாதா சப்பரம் ஒன்றைச் செய்யத் தொடங்கி, மேல்விதானம் முடியுமுன் 1986இல் இறைவனடி சேர்ந்தார். அவர் பாதி செதுக்கியிருந்த பூங்கொடியின் மறுபாதியைச் சிற்றப்பாமாரும் நாங்களும் செதுக்கி முடித்தோம். எங்கள் கைவேலை அவருடையதற்கு ஈடாகாது. எந்த இடத்தில் அவர் உளி நின்றது என்பதை இன்றும் எவரும் கண்டுகொள்ளலாம். ஆயினும் அதனை மாற்றி அமைக்க வேண்டும் என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

ஒருவன் தன்னை மட்டும் காட்டிக்கொள்ளச் செய்யும் அலங்காரம் அவனோடு முடிந்துபோகும். வீட்டார் கைகள் கூடிச் செய்தது, அவன் போன பின்பும் அவர்களைக் கூட்டி வைக்கும். மரமாயினும் இரும்பாயினும் இதில் வேறுபாடில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

அன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் தாயார் எம் மகனை அழைத்து, "அந்த வண்டிக்காரர் பேர் என்ன, தம்பி?" என்று கேட்டார். அவன் பெயரைச் சொன்னான். தாத்தாவின் பெயரோடு அப்பெயரையும் சேர்த்து, இறந்தோருக்கான இளைப்பாற்றிச் செபத்தை அவர் சொல்லத் தொடங்க, நாங்கள் அனைவரும் மறுமொழி சொன்னோம்.