கிளாஸ்கோ கொண்டாடிய யப்பானியர்

ஸ்கொத்லாந்தின் பெருநகரான கிளாஸ்கோவில், பழைய மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கும் சந்தியிலிருந்து கலோகேற் வீதிவழியே கிழக்கு நோக்கி நடந்தோமானால், பாரோலண்ட் சந்தையைக் கடந்து பார்க்ஹெட் என்னும் பகுதியை அடைவோம். தொழிலாளர் குடியிருப்புக்கள் நிறைந்த அவ்விடத்திலேதான் அறுபதினாயிரம் பேர் அமரத்தக்க செல்ற்றிக் மைதானம் ஓங்கி நிற்கின்றது. வாயிலில் வால்ஃபிரிட் என்னும் துறவியின் சிலை நம்மை வரவேற்கிறது. பிழைப்புத் தேடிவந்த அயர்லாந்து ஏழைகளின் பசி தீர்க்கப் பணம் திரட்டவென 1887 இல் இவ் உதைபந்தாட்டக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவரே.

1967 இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற செல்ற்றிக் அணியினர் யாவரும் இந்நகரைச் சுற்றி 30 மைல் தூரத்துக்குள் பிறந்தவர்கள். அத்தகைய ஊர்ப்பற்று மிக்க கழகத்திலே, யோக்கோகாமாவிற் பிறந்த ஷுன்சுகே நாகமுரா 2005 இல் வந்து சேர்ந்தார். முதுகில் 25 ஆம் இலக்கம்; மெலிந்த தேகம். இவரா முரட்டு ஸ்கொத்லாந்து ஆட்டத்துக்குத் தாக்குப்பிடிப்பார் எனச் சிலர் எண்ணியிருக்கவும் கூடும்!

ஆனால் அவர் இடது காலை அறியாதார் அன்றோ அப்படி எண்ணுவர்? 2006 செப்டெம்பரில் மஞ்செஸ்டர் யுனைட்டெட்டின் சொந்த மைதானத்திலேயே 'பிறீ கிக்' ஒன்றால் கோல் போட்டார். எனினும் செல்ற்றிக் 3-2 எனத் தோற்றது. அதே ஆண்டு நவம்பர் 21 ஆம் நாள், இந்தப் பார்க்ஹெட்டிலே, ஆட்டம் முடிய ஒன்பது நிமிடமளவே எஞ்சியிருக்க, ஏறத்தாழ 30 யார் தூரத்திலிருந்து மீண்டும் உதைத்தார். பந்து தடுப்புச் சுவரைத் தாண்டி எழுந்து வளைந்து வலையின் மேல்மூலையிற் புகுந்தது. காவலர் வன் டெர் சார் பாய்ந்தும் பயனில்லை. பின்னர் எதிரணியின் தண்ட உதையைச் செல்ற்றிக் காவலர் தடுத்துவிட, 1-0 என வெற்றி! சம்பியன்ஸ் லீக்கில் கடைசிப் பதினாறு அணிகளுள் ஒன்றாகச் செல்ற்றிக் முதன்முறை இடம்பெற்றது அன்றே.

அடுத்த ஏப்ரலில் கில்மார்னொக் அணிக்கெதிராக, மேலதிக நேரத்தில் அவர் அடித்த பிறீ கிக்கே லீக் பட்டத்தையும் உறுதிசெய்தது. அவ்வாண்டின் சிறந்த வீரர் விருதை உடன் ஆடுவோரும் பத்திரிகையாளரும் அவருக்கே அளித்தனர். 'நாக்கா' என்று அவரைச் செல்லமாக அழைத்தது பார்க்ஹெட்.

இவ்வளவுக்கும், இளமையில் யோக்கோகாமாக் கழகத்தின் சிறுவர் அணியில் ஆடிய அவரை, மேல் அணிக்குச் சேர்க்காமல் விட்டுவிட்டனர். பாடசாலை அணியில் ஆடியே அவர் அக்கழகத்துக்கு மீண்டார். 2002 உலகக் கிண்ணத்துக்கும், தாய்நாட்டிலேயே போட்டி நடைபெற்றபோதும், அவரைத் தெரிந்தெடுத்தார்களில்லை. பின்னர் 2013 இல், 35 வயதில், யப்பான் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதை இரண்டாந் தடவை பெற்றார்.

2022 இல், 44 வயதில், அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். 2023 இல் பயிற்றுநர் பணியைத் தொடங்கியதும் பிறந்த ஊராகிய யோக்கோகாமாவிலேதான்.